வேலைக்குப் போகிற வீட்டில் குழந்தையை டயப்பரிலிருந்து டாய்லெட்டுக்குப் பழக்குவது எப்படி?

குழந்தைக்கு டயப்பரை நிறுத்த வேண்டும் என்றால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி லீவு கிடைக்கிறவர்கள் தாராளமாகப் போடட்டும். எனக்குக் கிடைத்ததில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஷிப்மென்ட் நேரத்தில் இரவு எட்டுக்குத்தான் வெளியே வர முடியும். வீட்டுக்காரருக்கு நிட்டிங் யூனிட்டில் நைட் ஷிப்ட். வீட்டில் இருப்பது அத்தை மட்டும். அவருக்கும் முட்டி வலி, குனிந்து நிமிர முடியாது. பெரியவன் அத்தையிடம் வீட்டிலேயே வளர்ந்தான், சின்னவள் கம்பெனி கிரெஷில் (குழந்தைகள் காப்பகத்தில்) வளர்ந்தாள். இரண்டு பேருக்கும் இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் பழக்கினோம்.

இதற்கென்று தனியாக நேரம் தேடாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. தேடினால் கிடைக்காது. எழுவது, சாப்பிடுவது, குளிப்பது, கிளம்புவது, திரும்பி வருவது, படுப்பது என்று வீட்டில் தினமும் தவறாமல் நடக்கிற காரியங்கள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொன்றோடும் பாட்டியில் (potty, குழந்தை உட்கார்ந்து போகிற சின்ன சேர்) உட்காருவதை முடிச்சுப் போட்டுவிடுங்கள். அப்புறம், குழந்தையைப் பார்த்துக்கொள்கிற அத்தனை பேரும் அதை ஒரே மாதிரி செய்ய வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், அம்மா பகல் முழுக்கப் பக்கத்தில் இல்லாவிட்டாலும் குழந்தை பழகிவிடும்.

எப்போது ஆரம்பிப்பது?

பெரும்பாலான குழந்தைகளிடம் ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கும். டயப்பர் இரண்டு மணி நேரம் போல ஈரமாகாமல் இருக்கும். மதியத் தூக்கத்திலிருந்து சில நாள் நனையாமல் எழுந்திருப்பார்கள். ஆய் வரும்போது பீரோ ஓரத்திலோ கதவுக்குப் பின்னாலோ போய் நின்றுகொள்வார்கள். நனைந்ததும் டயப்பரைப் பிடித்து இழுப்பார்கள். "அந்தச் செருப்பை எடுத்து வாசல்ல வை" என்றால் புரிந்துகொண்டு செய்வார்கள். இதில் இரண்டு மூன்று தெரிந்தால் ஆரம்பித்துவிடலாம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் ஒரு மாதம் பொறுங்கள். தயாராகாத குழந்தையை இழுத்து உட்கார வைத்தால் வேலை நீளுமே தவிரக் குறையாது.

இந்த இடத்தில் பெரியவர்களுக்கும் நமக்கும் ஒரு உரசல் வரும். "நாங்கெல்லாம் ஆறு மாசத்துலயே கால்ல உக்கார வெச்சுப் பழக்கிட்டோம்" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அத்தை செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முக்காலியில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி, பாதங்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, குழந்தையின் தொடை இரண்டும் பாதங்களின் மேல் படிகிற மாதிரி உட்கார வைத்து, இரண்டு அக்குளிலும் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் குழந்தை போய்விடும். அங்கே நேரம் பார்ப்பதும் முகம் பார்த்துக் கண்டுபிடிப்பதும் பெரியவர். குழந்தை அந்தச் சத்தத்துக்கும் உட்காரும் விதத்துக்கும் பழகியிருக்கிறது. தனக்கு வருகிறது என்று தானே உணர்ந்து, அடக்கி, நடந்து போய் உட்காருவது அதற்கு அடுத்த படி. அதற்கு உடம்பும் மூளையும் வளர வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962-இல் 1,170 குழந்தைகளின் அனுபவத்தை வைத்து எழுதியதும் இதுதான்: குழந்தை தயாராகும்வரை காத்திருந்து, அதன் போக்கில் படிப்படியாகப் போக வேண்டும். காலில் உட்கார வைத்துப் பழகிய குழந்தைக்கு முதல் படி ஏற்கெனவே தெரியும். அதனால் வீட்டில் பெரியவர்கள் அதைச் செய்தால் தடுக்காதீர்கள். அந்த "ஸ்ஸ்ஸ்" சத்தத்தையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை தயாரா என்பது பாதி. வீடு தயாரா என்பது மீதி. ஷிப்மென்ட் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் வேலையில் அதற்குச் சமமாக ஒரு நெருக்கடி இருக்கும்: வருஷக் கணக்கு முடிப்பது, பரீட்சைப் பேப்பர் திருத்துவது, பண்டிகை வியாபாரம். அது முடிந்த அடுத்த வாரம் சனி, ஞாயிறில் தொடங்குங்கள். வீடு மாறுகிறீர்கள், தங்கச்சிப் பாப்பா பிறக்கப் போகிறது, குழந்தைக்கு இப்போதுதான் காய்ச்சல் விட்டது என்றால் தள்ளிப் போடுங்கள். சித்திரை, வைகாசி வெயில் இதற்கு நல்ல காலம். ஜட்டியோடு மட்டும் விடலாம், துவைத்துப் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் ஆரம்பித்தால் கொடியெல்லாம் ஈர ஜட்டி தொங்கும்.

என்னென்ன வாங்குவது?

அதிகம் வேண்டாம். தரையோடு உட்காருகிற சின்ன பாட்டி சேர் ஒன்று போதும். பாட்டு பாடுகிறது, விளக்கு எரிகிறது எல்லாம் தேவையில்லை. உட்கார்ந்தால் குழந்தையின் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது அது மட்டும்தான். அப்படி உட்கார்ந்தால் மலக்குடல் நேராகி, முக்காமல் வெளியே வரும். வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் வளையம் போட்டு உட்கார வைப்பவர்கள் காலுக்குக் கீழே கட்டாயம் ஒரு ஸ்டூல் போடுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தை விழுந்துவிடுவோம் என்கிற பயத்திலேயே இறுக்கிக்கொள்ளும். இண்டியன் டாய்லெட் மட்டும் இருக்கிற வீட்டில் இந்த வயதுக் குழந்தைக்குக் கால் எட்டாது, அந்தக் குழியைப் பார்த்தாலும் பயம் வரும். பாட்டியில் பழகட்டும். அதை எடுத்துப் போய் டாய்லெட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவதைக் கூடவே வைத்துக் காட்டுங்கள். மூன்று வயதுக்கு மேல் கையைப் பிடித்துக்கொண்டு தானே குந்தும்.

ஜட்டி நிறைய வேண்டும். எங்கள் ஊரில் காதர்பேட்டைக்குப் போனால் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, செகண்ட்ஸ் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். நல்ல காட்டன், ஒரு தையல் கோணல் இருக்கும், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் சந்தையிலோ நடைபாதைக் கடையிலோ வாங்கிக்கொள்ளலாம். ஒரு அளவு பெரியதாக, இடுப்பு எலாஸ்டிக் தளர்வாக எடுங்கள். குழந்தை தானே இறக்க முடிய வேண்டும் என்பது முக்கியம். நாடா, பட்டன், பெல்ட் வைத்த பேன்ட்டையும், மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பையும் கொஞ்ச மாதம் பீரோவில் வைத்துவிடுங்கள். துடைக்க ஒரு பை நிறைய பனியன் வேஸ்ட் (பனியன் தைத்து மிஞ்சுகிற துண்டுத் துணி). கைக்குழந்தையாக இருந்தபோது விரித்த ரப்பர் ஷீட்டைத் தேடி எடுத்து வையுங்கள், இரவுக்கு வேண்டும்.

நாளோடு முடிச்சுப் போடுவது

காலையில் எழுந்ததும் முதல் வேலை பாட்டி. இரவு முழுக்கச் சேர்ந்திருப்பதால் அநேகமாகச் சிறுநீர் போகும். முதல் வெற்றி பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது காலைச் சாப்பாடு. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும். உடம்பே செய்கிற வேலை இது, காலை நேரத்தில் இன்னும் பலமாக இருக்கும். சாப்பிட்டுப் பதினைந்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் உட்கார வைத்தால் ஆய் போக நல்ல வாய்ப்பு. வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் இந்த அரை மணிதான் பெரிய கஷ்டம் என்று தெரியும். எங்கள் வீட்டில் நான் செய்தது: குழந்தையின் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் இழுத்தேன். முதல் ஈடு இட்லி இறங்கியதும் அவனுக்குத்தான். பாட்டியை பாத்ரூமில் வைக்காமல் சமையல்கட்டை ஒட்டிய சந்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவது ஈடு வேகிற நேரத்தில் அவன் அங்கே உட்கார்ந்திருப்பான், நான் சட்னி தாளித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்க்கலாம். கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்வேன். வாயால் ஊதும்போது வயிறு தானாக அழுத்தும், கீழே இறுக்கம் விடும். முக்கு முக்கு என்று சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யும். காற்றாடி நின்று, கண் ஒரே இடத்தில் குத்திட்டு, மூக்கு நுனி சிவந்தால் வருகிறது என்று அர்த்தம். அப்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. எட்டேகாலுக்கு நான் கிளம்பும்போது அதுவரை போகவில்லை என்றால், ஷிப்ட் முடிந்து வருகிற அப்பாவிடம் அந்த வேலை போகும். அவருக்குத் தூக்கம் சொக்கும்தான். ஆனால் தினமும் அப்பா கையால் நடக்கிற ஒரு வேலை என்று அவனுக்கு அது இருந்தது, அவரும் விடாமல் செய்தார். இதை அம்மாவின் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

குளிப்பதற்கு முன்னால், வெளியே கிளம்பும் முன்னால், மதியம் தூங்குவதற்கு முன்னும் எழுந்த பின்னும், இரவு படுக்கும் முன்னால் உட்கார வையுங்கள். நடுவில் பெரிய இடைவெளி விழுந்தால் இரண்டு மணிக்கு ஒரு தரம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். வரவில்லையா, சரி, எழுந்துவிடலாம். அரை மணி நேரம் உட்கார வைத்து செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுக்காதீர்கள். குழந்தை வந்த வேலையை மறந்து படம் பார்க்க உட்கார்ந்துவிடும்.

மாலை நீங்கள் வேலையிலிருந்து வரும் நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் குழந்தை ஓடி வரும், இடுப்பில் ஏறும், அங்கேயே நனைத்துவிடும். பகலெல்லாம் சமர்த்தாக இருந்த குழந்தை உங்களிடம் மட்டும் இப்படிச் செய்தால் வருத்தப்படாதீர்கள். நீங்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒரு தரம் உட்கார வைக்கச் சொல்லிவிடுங்கள். பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் நான் அத்தைக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அதற்கு அர்த்தம் அவ்வளவுதான்.

ஒரு விஷயம், குழந்தையிடம் "சூச்சூ வருதா?" என்று கேட்காதீர்கள். இரண்டு வயதுக் குழந்தை எதைக் கேட்டாலும் "இல்ல" என்றுதான் சொல்லும், விளையாட்டை விட்டு வர அதற்கு மனசே வராது. "சாப்பிடறதுக்கு முன்னாடி சூச்சூ போயிட்டு வந்துரலாம்" என்று நடக்கப் போவதைச் சொல்லுங்கள். அடம் பிடித்தால் வேறொன்றைக் கேளுங்கள்: "நடந்து போறியா, முயல் மாதிரி குதிச்சுப் போறியா?" குதித்துத்தான் போகும்.

கை மாறும்போது

வீட்டில் நான் சூச்சூ என்கிறேன், அத்தை ஒண்ணுக்கு என்கிறார், கிரெஷ் அக்கா பாத்ரூம் என்கிறார் என்றால் குழந்தை எதைச் சொல்லிக் கூப்பிடும்? ஒரு சொல் முடிவு செய்து எல்லோரும் அதையே சொல்லுங்கள். வெளி ஆட்களுக்கும் புரிகிற சொல்லாக இருந்தால் நல்லது.

கம்பெனியில் ஒரு ஷிப்ட் ஆள் போய் அடுத்த ஆள் வரும்போது மெஷின் எப்படி ஓடுகிறது, எங்கே நின்றது என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். குழந்தையைக் கை மாற்றும்போதும் அப்படித்தான். கடைசியாகச் சூச்சூ போனது எப்போது, ஆய் இன்று போயாச்சா இல்லையா என்கிற இரண்டு தகவல் போதும். நான் வாசலில் செருப்பு மாட்டும்போதே சொல்லிவிடுவேன். மாலையில் அத்தையும் அதே இரண்டையும் சொல்வார். "இன்னைக்கு ஆய் போகல அம்மிணி, ராத்திரிக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருக்கா உக்கார வெச்சுப் பாரு" என்பார். அந்த ஒரு வரி இருந்தால் நடுராத்திரி வயிற்று வலி அழுகைக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

வீட்டில் பார்த்துக்கொள்கிற பெரியவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: குனிந்து தூக்கி, ஓடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதில்லை, நேரம் சொன்னால் போதும் என்று. முட்டி வலிக்காரர்களுக்கு பாட்டியை எடுத்துக் கொட்டுவதும் சிரமம். அத்தைக்குப் பக்கத்தில் மூடியோடு ஒரு பக்கெட் வைத்துவிட்டுப் போவேன். கொஞ்சம் தண்ணீரோடு அதில் கவிழ்த்து மூடி வைப்பார், வீட்டுக்காரர் தூங்கி எழுந்ததும் டாய்லெட்டில் கொட்டிக் கழுவி வைப்பார்.

கிரெஷுக்கோ அங்கன்வாடிக்கோ பிளே ஸ்கூலுக்கோ போகிற குழந்தை என்றால், ஆரம்பிப்பதற்கு முன்னால் அங்கே பார்த்துக்கொள்கிற அக்காவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு ஒரே நேரத்தில் பத்து குழந்தை. உங்கள் குழந்தைக்கு மட்டும் தனி அட்டவணை கேட்டால் நடக்காது. அங்கே எல்லாக் குழந்தையையும் எந்த நேரத்துக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று கேட்டு, வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பையில் நாலு ஜட்டி, இரண்டு டிராயர், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர், நனைந்தால் மாற்ற ஒரு ஜோடி செருப்பு. செருப்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சிறுநீர் காலோடு இறங்கி ஷூவுக்குள்தான் போகும்.

கம்பெனியிலேயே கிரெஷ் இருக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் திருத்தமாக வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிற விதி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் கிரெஷ் வசதி வேண்டும் என்றும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க விட வேண்டும் என்றும் சொல்கிறது. ஓய்வு இடைவேளையும் அந்தக் கணக்கில் சேரும். அந்த நான்கில் ஒன்றை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்து, நீங்களே உட்கார வைத்துவிட்டு வாருங்கள். கூச்சப்படாமல் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அது உங்கள் உரிமை.

நனையத்தான் செய்யும்

நனைந்தால் "ஈரமாயிருச்சு, மாத்திக்கலாம் வா" என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள். அவ்வளவு போதும். ஈர ஜட்டியைக் குழந்தையே எடுத்துப் போய் பக்கெட்டில் போடட்டும். தண்டனையாகச் சொல்லாதீர்கள், வேலையில் ஒரு பங்காக இருக்கட்டும். பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு ஒரு துடைப்பு. "சீ, அசிங்கம்", "இவ்ளோ பெரிய பையன்", "பக்கத்து வீட்டுப் பாப்பாவைப் பாரு" என்று யார் சொன்னாலும் தடுங்கள். பெரியவர்களாக இருந்தாலும் மரியாதையாகத் தடுங்கள். கூச்சப்படுத்தப்பட்ட குழந்தை சொல்லாமல் ஒளிய ஆரம்பிக்கும், அடக்க ஆரம்பிக்கும். அதைச் சரி செய்வது ஜட்டி துவைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

போனால் கை தட்டுங்கள், ஊரில் இருக்கிற அம்மாயிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) போன் போட்டுச் சொல்லுங்கள். மிட்டாய் கொடுத்துப் பழக்க எனக்கு விருப்பமில்லை. நாளைக்கு மிட்டாய் தீர்ந்தால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் கம்பெனியில் மிஞ்சுகிற வட்ட சைஸ் ஸ்டிக்கர்தான் பரிசு. சுவர் முழுக்க ஒட்டி வைத்தான்.

தூங்கும்போதும் நீண்ட பஸ் பயணத்துக்கும் டயப்பர் போடுங்கள், தப்பில்லை. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் ஜட்டி, நமக்கு அவசரம் என்றால் டயப்பர் என்று மாற்றி மாற்றிப் போட்டால் குழந்தைக்குப் புரியாது. பழனிக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ போகும்போது கல்யாண மண்டபத்து டாய்லெட், பஸ் ஸ்டாண்ட் டாய்லெட் எல்லாம் குழந்தைக்குப் புது இடம். அதன் பாட்டியையே ஒரு கட்டைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பையனுக்கு வாய் அகன்ற பாட்டில் ஒன்று.

பெண் குழந்தைக்குக் கழுவும்போது எப்போதும் முன்னாலிருந்து பின்னால். கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகாமல் இருக்க இது ஒன்றே முக்கியம். பார்த்துக்கொள்கிற எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். பையன்கள் முதலில் உட்கார்ந்தே பழகட்டும், நின்று போவதை அப்புறம் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். முடிந்ததும் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஆய் போகப் பயப்படும் குழந்தை

சூச்சூவுக்கு நன்றாகப் பழகிய குழந்தை, ஆய்க்கு மட்டும் மறுப்பது ரொம்பச் சாதாரணம். அநேகமாக இதற்குப் பின்னால் மலச்சிக்கல் இருக்கும். ஒரு தரம் கெட்டியாகப் போய் வலித்திருக்கும். அந்த வலிக்குப் பயந்து அடுத்த தரம் அடக்கும். அடக்க அடக்க உள்ளே தண்ணீர் உறிஞ்சப்பட்டு இன்னும் கெட்டியாகும். அடுத்த தரம் இன்னும் வலிக்கும். குழந்தை நுனிக்காலில் நின்று, தொடையைச் சேர்த்து இறுக்கி, முகம் சிவந்து நின்றால் முக்குகிறது என்று நினைப்போம். பெரும்பாலும் அது அடக்குகிறது.

இப்படி இருந்தால் பழக்குவதை நிறுத்திவிட்டு முதலில் வயிற்றைச் சரி செய்யுங்கள். அடிக்கடி தண்ணீர், கொய்யா, பப்பாளி, இரவு ஊற வைத்துப் பிசைந்த உலர் திராட்சை, கீரை கடைந்து பருப்புச் சோற்றில். பால் அதிகமாகக் குடிக்கிற குழந்தைக்குச் சாப்பாடு இறங்காது, மலமும் கட்டும். ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். சோப்புத் துண்டு, எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு வைப்பதெல்லாம் வேண்டாம். அங்கே எதையாவது நுழைத்தாலே பயம் இரட்டிப்பாகும், புண்ணும் ஆகும். மூன்று நாளுக்கு மேல் போகவில்லை, ரத்தம் தெரிகிறது, வயிறு உப்பியிருக்கிறது என்றால் குழந்தை டாக்டரிடம் போங்கள். ஜட்டியில் அடிக்கடி நீர்த்தாற்போல் கறை பட்டாலும் காட்டுங்கள். உள்ளே கெட்டியாக அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர் கசிவதை வயிற்றுப்போக்கு என்று தப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. மலம் இளக மருந்து எழுதிக் கொடுத்தால் இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடாமல், டாக்டர் சொன்ன வரைக்கும் கொடுங்கள். பயம் போக நாள் பிடிக்கும்.

வயிறு சரியான பிறகும் "டயப்பர் போடு, அப்பதான் ஆய் போவேன்" என்று கேட்டால் போட்டு விடுங்கள். ஆனால் பாத்ரூமுக்குள் நின்று போகச் சொல்லுங்கள். சில நாள் கழித்து டயப்பரோடு பாட்டியில் உட்காரட்டும். அப்புறம் ஒட்டுப் பட்டையைத் தளர்த்துங்கள், அப்புறம் டயப்பரை பாட்டிக்குள் விரித்து வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் குழந்தைக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் கொடுங்கள்.

இரவு வேறு கணக்கு

பகலில் பழகியதும் இரவும் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவில் சிறுநீர் குறைவாகச் சுரக்க ஒரு ஹார்மோன் வேலை செய்ய வேண்டும், நிறைந்தால் தூக்கத்தில் மூளைக்குச் செய்தி போக வேண்டும். இது பயிற்சியால் வருவதில்லை, வளர்ச்சியால் வருவது. ஐந்து வயது வரை இரவில் நனைப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். படுக்கும் முன்னால் ஒரு தரம் போக வையுங்கள், கடைசி டம்ளர் பாலை ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள், அது போதும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் மறுக்காதீர்கள்.

காலையில் சீக்கிரம் எழ வேண்டிய வீட்டுக்கு இந்தப் படுக்கை முறையைச் சொல்கிறேன். மெத்தையின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய வேஷ்டித் துணி, மறுபடி அதன் மேல் ஒரு ரப்பர் ஷீட், மறுபடி ஒரு துணி. இரவு இரண்டு மணிக்கு நனைந்தால் மேலே உள்ள இரண்டையும் உருவி மூலையில் போட்டுவிட்டு, கீழே தயாராக இருக்கிற காய்ந்த படுக்கையில் குழந்தையைப் போடலாம். விளக்குப் போட வேண்டாம், பீரோ திறக்க வேண்டாம். மாற்று ஜட்டியும் தலையணைக்குக் கீழேயே இருக்கட்டும்.

நன்றாகப் பழகிய குழந்தை திடீரென்று மறுபடி நனைத்தால், வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள்: தம்பி பிறந்தானா, கிரெஷ் அக்கா மாறினாரா, காய்ச்சல் வந்து போனதா. அதே பழைய நேரங்களுக்குத் திரும்பிப் போய் ஆரம்பியுங்கள், முதல் தடவையைவிடச் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் சிறுநீர் போகும்போது அழுதால், சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால், சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் வந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்; அன்றே காட்டுங்கள். மாதக் கணக்கில் நனைக்காமல் இருந்த குழந்தை அதிகத் தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் போய், உடம்பும் இளைத்தால் தாமதிக்காமல் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். நாலு வயதாகியும் பகலிலேயே பிடிபடவில்லை என்றாலும் ஒரு தரம் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

எல்கேஜி சேர்க்கும் முன்னால்

கோடை லீவிலேயே பள்ளிக்கூடத்து டாய்லெட்டைக் குழந்தையோடு போய்ப் பாருங்கள். இண்டியனா வெஸ்டர்னா, கதவு உள்ளே தாழ் போடுமா, தண்ணீர்க் குழாய் குழந்தைக்கு எட்டுமா என்று கவனியுங்கள். யூனிபார்ம் டிராயரைத் தைத்ததும் கொக்கியும் ஜிப்பும் குழந்தையால் தானே கழற்ற முடிகிறதா என்று வீட்டில் போட்டுப் பழக்குங்கள்; முடியாவிட்டால் டெய்லரிடம் கொடுத்து இடுப்புக்கு எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். "மிஸ், பாத்ரூம் போகணும்" என்று சத்தமாகச் சொல்ல வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். பல குழந்தைகளுக்குக் கேட்கத்தான் பயம். முதல் நாளே மிஸ்ஸைப் பார்த்து, இவன் சாப்பாட்டுக்குப் பின்னால் போகிற பழக்கம் உள்ளவன் என்று சொல்லிவிட்டு, ஒரு ஜட்டியும் டிராயரும் கவரில் சுற்றிப் பையின் அடியில் வைத்து அனுப்புங்கள்.